குணசேகரன், கே. ஏ.

கே. ஏ. குணசேகரன் (12 மே 1955 – 17 சனவரி 2016) தமிழ்நாட்டின் நாட்டுப்புறப் பாடகர், நாடகாசிரியர், நாட்டார் கலை ஆய்வாளர், பேராசிரியர். ஒடுக்கப்பட்ட மக்களின் பாட்டையும் பறையையும் அரசியல் மேடைக்கும் பல்கலைக்கழக வகுப்பறைக்கும் கொண்டுசென்றவர்களில் முன்வரிசையில் நிற்பவர். இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’ பாடல் இவர் குரலில்தான் ஊர் ஊராகப் பரவியது. ‘பலி ஆடுகள்’ நாடகமும் ‘வடு’ தன்வரலாறும் தமிழ் தலித் இலக்கியத்தின் அடிப்படை நூல்களில் சேர்கின்றன. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் நெடுங்காலம் ஆசிரியராக இருந்தார். சென்னை தரமணியில் உள்ள உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் பணியாற்றினார்.

நாட்டுப்புறப் பாடல்களை மேடையில் பாடிப் புகழ்பெற்றவர்கள் தமிழ்நாட்டில் பலர். பாடலை அதைப் பெற்ற மக்களின் பசியிலிருந்தும் அவமானத்திலிருந்தும் பிரிக்காமல் பாடியதே குணசேகரனின் தனித்தன்மை. கலையைப் போற்றிவிட்டுக் கலைஞரைச் சேரியிலேயே நிறுத்திவைக்கும் வழக்கத்தை அவர் வாழ்நாள் முழுவதும் எதிர்த்தார்.

பிறப்பும் இளமையும்

இளையான்குடிக்கு அருகிலுள்ள மாரந்தை இவருடைய ஊர். அப்போது அது இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. இன்று சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது. வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் ஒரு போகம், நிறையாவிட்டால் பஞ்சம் என்று வாழ்ந்த வட்டாரம். அங்கே சேரியில் பிறந்த பிள்ளைக்குப் பசி வீட்டுக்குள்ளும் சாதி வீட்டுக்கு வெளியிலும் காத்திருந்தன.

அவர் பிறந்த 1955ஆம் ஆண்டிலேயே தீண்டாமைக் குற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்து ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் சட்டம் டெல்லியிலிருந்து மாரந்தைக்கு நடந்துவர வேண்டியிருந்தது. உதவித்தொகைக் கணக்கெடுப்பு என்ற பெயரில் பள்ளியில் சாதி சொல்லிப் பிள்ளைகளை எழுப்பி நிறுத்தியதையும், தம் உறவினரான பெரியவர்கள் ஊர்த்தெருச் சிறுவர்கள் முன்னால்கூடக் குனிந்து நின்றதையும் பின்னாளில் அவர் ‘வடு’வில் எழுதினார். இளையான்குடி இஸ்லாமியர்கள் தம்மைத் தீட்டாகப் பார்க்காமல் பழகியதையும் அதே நூலில் நன்றியோடு பதிவு செய்தார். ஒரே வட்டாரத்தில், சில மைல் இடைவெளியில், மனிதனாக மதிக்கப்படுவதும் மதிக்கப்படாமல் போவதும் நிகழ்வதைச் சிறுவயதிலேயே கண்டவர் அவர். சாதி என்பது இயற்கையில் உள்ளதன்று, மனிதர் செய்துவைத்தது என்ற தெளிவு அவருக்குப் புத்தகத்திலிருந்து மட்டும் வந்ததன்று.

இளையான்குடியிலும் சிவகங்கையிலும் மதுரையிலும் படித்தார். தமிழ் இலக்கியம் கற்றபின் நாட்டுப்புற ஆட்டக்கலைகளை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டு முனைவர் பட்டம் பெற்றார். மாணவப் பருவத்திலேயே இடதுசாரி இயக்க மேடைகளில் பாடத் தொடங்கியிருந்தார். கூட்டம் சேர்ப்பதற்கு முதலில் பாட்டு, பிறகு பேச்சு என்பது அக்கால மேடை வழக்கம். பாட்டே பேச்சின் வேலையையும் செய்ய முடியும் என்பதை அந்த மேடைகளில்தான் அவர் கற்றார்.

பறை: மறுப்பும் மீட்பும்

குணசேகரனின் பணியைப் புரிந்துகொள்ளப் பறையின் வரலாற்றைச் சற்றுத் தெரிந்துகொள்ள வேண்டும். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் சேர்க்கிறது. உரையாசிரியர்கள் குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று வகுத்தார்கள். நிலத்தின் அடையாளமாகவே எண்ணப்பட்ட ஒரு கருவி, பிற்காலத்தில் ஒரு சாதியின் இழிவுக் குறியாக மாற்றப்பட்டது.

கருவியின் அமைப்பு எளிது. வளைத்த மரத்துண்டுகளை இரும்புப் பட்டையால் இணைத்து வட்டச் சட்டமாக்குவார்கள். அதன் ஒரு பக்கத்தில் மாட்டுத்தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிக் காயவைப்பார்கள். வாசிக்குமுன் வைக்கோலைக் கொளுத்தி, அந்தச் சூட்டில் தோலைக் காட்டி விறைப்பேற்றுவார்கள். இடக்கையில் நீண்ட மெல்லிய சிம்புக்குச்சி, வலக்கையில் குட்டையான அடிக்குச்சி. இரண்டும் தோலில் மாறி மாறி விழும்போது சப்பரத்து அடி, சாமிச்சாட்டு அடி, மருள் அடி, ஒத்தையடி என நிகழ்வுக்கேற்ப அடிகள் பிறக்கின்றன. சூடு ஆறினால் ஓசை தளரும். மறுபடி நெருப்பருகே போக வேண்டும். மழைக்காலத்தில் ஒரு குழு எத்தனை முறை தீ மூட்டுகிறது என்பதை அருகிருந்து பார்த்தவர்களுக்கே இந்தக் கலையின் உழைப்பு விளங்கும்.

ஊரில் சாவு விழுந்தால் பறையடிப்பது சேரியின் கட்டாயக் கடமையாக இருந்தது. செத்த மாட்டை அப்புறப்படுத்துவதும் சாவுச் செய்தி சொல்லிப் போவதும் அதனோடு சேர்ந்தவை. கூலி பெரும்பாலும் தானியமும் மிச்சச் சோறும். வர முடியாது என்று சொன்னவர்களுக்கு அடியும் ஊர்விலக்கும் கிடைத்தன. ஆகவே 20ஆம் நூற்றாண்டில் தலித் இயக்கங்கள் பல இடங்களில் பறையை அடிக்க மறுப்பதையே விடுதலையின் முதல் படியாக எடுத்தன. காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் எல். இளையபெருமாள் முன்னின்று நடத்திய பறையடிப்பு மறுப்புப் போராட்டம் அவற்றுள் முக்கியமானது. அவர் தலைமையிலான குழு இந்தியா முழுவதும் தீண்டாமை நிலவும் விதத்தை ஆராய்ந்து 1969இல் அறிக்கை அளித்தது.

1990களில் இன்னொரு குரல் எழுந்தது. அடிமை ஊழியத்தை விடுவோம், கலையை விட மாட்டோம் என்றது அது. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு, ‘பரட்டை’ என்ற பெயரில், கிராமியப் பாட்டிலேயே விடுதலைச் சிந்தனையைப் பாடிப் பரப்பினார். அங்கே தலித் ஆதார மையம் நடத்திய தலித் கலை விழாக்களில் பறை மேடையேறியது. திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையைக் கையில் எடுத்தார்கள். ஆண்கள் மட்டுமே அடித்துவந்த கருவி அது என்பதால், அந்தப் பெண்கள் சாதியோடு இன்னொரு வேலியையும் சேர்த்தே உடைத்தார்கள்.

மறுப்பு, மீட்பு என்னும் இந்த இரண்டு நிலைப்பாடுகளும் ஒன்றுக்கொன்று பகையானவை அல்ல. கட்டாயத்தின் பேரில் அடிக்க மறுக்கும் உரிமை கிடைத்தால்தான் விரும்பி அடிப்பது கலையாகும். குணசேகரனின் மேடைப்பணி இந்த இடத்தில்தான் வேர்கொண்டது.

பாடகர்

எழுபதுகளின் இறுதியும் எண்பதுகளும் தமிழ்நாட்டில் நாட்டுப்புறக் கலைகள்பற்றிப் புதிய விழிப்பு எழுந்த காலம். பேராசிரியர் நா. வானமாமலை தொகுத்த பாடல்களும் கதைப்பாடல்களும் படித்தவர்களிடையே பரவியிருந்தன. காந்திகிராமத்தில் சே. இராமானுஜம் நடத்திய நாடகப் பயிற்சியிலிருந்து புதிய நாடகக்காரர்கள் உருவானார்கள். மதுரையில் மு. இராமசாமி நிஜ நாடக இயக்கத்தைத் தொடங்கினார். ஒலிநாடா வந்ததால் கிராமத்துப் பாட்டு வானொலியின் தயவில்லாமலே டீக்கடைக்கும் திருவிழாப் பந்தலுக்கும் போய்ச் சேர்ந்தது. சிவகங்கைச் சீமையின் கொல்லங்குடி கருப்பாயி 1985இல் ‘ஆண் பாவம்’ படத்தில் பாடி நடித்தார். விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனும் புஷ்பவனம் குப்புசாமியும் பரவலான கேட்போரைப் பெற்றார்கள்.

அந்த அலையில் குணசேகரனும் இருந்தார். ஆனால் அலையின் போக்கிலேயே போய்விடவில்லை. தாலாட்டு, நடவுப்பாட்டு, ஏற்றப்பாட்டு, தெம்மாங்கு, ஒப்பாரி ஆகியவற்றை நகரத்துக் கேட்போர் கிராமத்து அழகாக ரசித்தார்கள். நடவுப்பாட்டுப் பாடும் பெண்ணின் கால் சேற்றில் ஊறியிருப்பதும், ஒப்பாரி வைப்பவளுக்கு இழந்தவனைத் தவிர வேறு துணை இல்லாததும் அந்த ரசனையில் மறைந்துபோயின. குணசேகரன் தேர்ந்து பாடிய பாடல்களில் கூலிப் பிரச்சினையும் சாதிக் கொடுமையும் குடியால் சிதைந்த குடும்பமும் பெண்ணின் தனிமையும் இடம்பெற்றன. மெட்டு மக்களுடையதாகவே இருந்தது. சொல்லும் அவர்கள் வாயில் புழங்கும் சொல்தான். அதனால் அவர் பாடியபோது கேட்டவர்கள் தங்களை வேடிக்கைப் பொருளாக உணரவில்லை.

‘தன்னானே’ என்ற பெயரில் கலைக்குழு அமைத்துப் பாடகர்களையும் பறை, தவில், நாகசுரக் கலைஞர்களையும் ஒருங்கே மேடையேற்றினார். கிராமத்துக் கோயில் விழாக்களில் பாடிக்கொண்டிருந்த இளம் கலைஞர்களுக்கு அவருடைய குழு பயிற்சிக்கூடமாக அமைந்தது. பின்னாளில் திரைப்பாடல்களால் தமிழகம் முழுதும் அறியப்பட்ட சின்னப்பொண்ணு அவருடைய வழிகாட்டலில் வளர்ந்தவர்.

‘மனுசங்கடா’

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 1978 சூலையில் விழுப்புரத்தில் தலித் மக்கள் 12 பேர் கொல்லப்பட்டார்கள். தமிழ்க் கவிதை இந்த நெருப்புகளுக்கு முகம்கொடுத்தே ஆக வேண்டியிருந்தது.

கீழக்கரையில் பிறந்து சென்னைப் புதுக்கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த இன்குலாப், அதாவது சாகுல் அமீது, ‘மனுசங்கடா’ பாடலை எழுதினார். நாங்களும் மனிதர்கள்தான் என்று அறைந்து சொல்லும் அந்தப் பாடலில் கெஞ்சல் கிடையாது. ஏட்டில் இருந்திருந்தால் அது நல்ல கவிதையாகவே நின்றிருக்கும். குணசேகரனின் குரல் அதைக் கூட்டத்தின் பாட்டாக்கியது. அவர் ஒரு வரியைப் பாட, கூட்டம் திருப்பிப் பாடும் அமைப்பில் அது பரவியது. இராகம் தெரியாதவனும் சேர்ந்து பாடலாம். எழுத்தறியாதவனும் மனப்பாடம் செய்யலாம்.

இராமநாதபுரம் சீமையின் கடற்கரை முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த கவிஞர் எழுதியதை, அதே சீமையின் உள்நாட்டுச் சேரியில் பிறந்த பாடகர் பாடினார். இருவரையும் இணைத்தது சோழநாட்டுச் சிற்றூர் ஒன்றில் எரிந்துபோனவர்களின் நினைவு. தலித் அமைப்புகளும் பொதுவுடைமைக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் மாணவர் இயக்கங்களும் அதைத் தத்தம் மேடையில் தம் பாட்டாகவே பாடின. 2017இல் இயக்குநர் அம்ஷன் குமார், இறந்த தந்தையின் உடலைப் பொதுப்பாதையில் எடுத்துச்செல்லப் போராடும் தலித் இளைஞனின் கதையைப் படமாக்கியபோது அதற்கும் ‘மனுசங்கடா’ என்றே பெயரிட்டார். பாடல் எழுந்து பல பத்தாண்டுகள் கழித்தும் அந்தத் தலைப்பு பழையதாகிவிடவில்லை என்பது வருத்தத்துக்குரிய உண்மை.

புதுச்சேரிக் கடற்கரையில்

குணசேகரனின் ஆசிரியப் பணி புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் அமைந்தது. 1985இல் தொடங்கப்பட்ட அப்பல்கலைக்கழகம் காலாப்பட்டில், வங்கக் கடலை ஒட்டி இருக்கிறது. அதன் நாடகத்துறைக்குத் தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயர் சூட்டப்பட்டது. சுவாமிகள் 1922இல் புதுச்சேரியில்தான் மறைந்தார். அவரது சமாதி கருவடிக்குப்பத்தில் உள்ளது. பள்ளியின் தொடக்கக் காலத்தில் இந்திரா பார்த்தசாரதி தலைமை ஏற்றிருந்தார். குணசேகரன் அங்கே ஆசிரியராகி, பின்னர்ப் பள்ளிக்கே தலைமை ஏற்றார்.

புதுச்சேரியிலிருந்து காலாப்பட்டுக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை கோட்டக்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பெரிய முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் ஆகிய ஊர்களைக் கடந்து போகிறது. இவை விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. சாலையோரம் கட்டுமரமும் ஃபைபர் படகும் ஏறிக் கிடக்கும் மீனவர் கரை. இதே சாலை வடக்கே நீண்டு மரக்காணத்தின் உப்பளங்களை அடைகிறது. உப்பங்கழி நீரைப் பாத்திகளில் தேக்கி, வெயிலில் வற்றவிட்டு, படியும் உப்பைப் பலகையால் வாரிக் குவிக்கிறார்கள். கூடையில் தலைச்சுமையாகக் கொண்டுபோய் அம்பாரமாகக் கொட்டுகிறார்கள். மழை வந்துவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் கூலி இல்லை.

பாட்டுக்குப் புதிய நிலமன்று இது. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையை நல்லூர் நத்தத்தனார் பாடியது இக்கரையை உள்ளடக்கிய பழைய ஓய்மாநாட்டின் தலைவன் நல்லியக்கோடன்மேல். அந்நூல் பாணனை வழிப்படுத்தும் எயிற்பட்டினம் மரக்காணம் பகுதியே என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். உப்பு வணிகரான உமணரின் குழந்தைகளோடு மந்தி கிலுகிலுப்பை வைத்து விளையாடும் காட்சி, அந்நூல் பாண்டியரின் கொற்கைக் கரையைப் பாடும் இடத்தில் வருகிறது. யாழைச் சுமந்து வறுமையோடு வழிநடந்த பாணனுக்குப் பரதவர் மீனும் கள்ளும் கொடுத்து உபசரித்ததையும் அது சொல்கிறது. பாடுபவனை வாசலில் நிறுத்தாமல் உள்ளே அழைத்துச் சோறிட்ட பண்பாடு இக்கரைக்கு ஒருகாலத்தில் இருந்தது. உழைக்கும்போது பாடுவதும் இக்கரையின் பழைய வழக்கம். கரைவலை இழுப்போர் மூச்சை ஒன்றுசேர்க்கப் பாடும் அம்பாப்பாட்டு அவ்வகை.

அதே கரையில் சாதியும் தன் முகத்தைக் காட்டியிருக்கிறது. 2013 ஏப்ரல் 25 அன்று மரக்காணம் பகுதியில் மூண்ட சாதி மோதலில் தலித் மக்களின் வீடுகள் எரிந்தன. குணசேகரன் பாடிக்கொண்டிருந்தது கடந்த காலத்தைப் பற்றியதன்று என்பதற்கு அவர் பணிபுரிந்த ஊரின் அண்டையிலேயே சான்று கிடைத்தது.

புதுச்சேரி அப்போது தலித் சிந்தனையின் முக்கியக் களமாகவும் இருந்தது. ராஜ் கௌதமன் அங்கே கல்லூரி ஆசிரியராக இருந்து தலித் பண்பாடு குறித்து எழுதிவந்தார். ரவிக்குமார், அ. மார்க்ஸ், பொ. வேல்சாமி ஆகியோரின் ‘நிறப்பிரிகை’ இதழ் தலித் அரசியலையும் இலக்கியத்தையும் விவாதத்துக்குக் கொண்டுவந்தது. 1991இல் அம்பேத்கர் நூற்றாண்டு. அடுத்த ஆண்டு பாமாவின் ‘கருக்கு’ நூல் வந்தது. இந்தச் சூழலில் பாடகர் குணசேகரன் நாடகாசிரியராகவும் வளர்ந்தார்.

நாடகங்கள்

‘பலி ஆடுகள்’ தமிழ் தலித் நாடகத்தின் தொடக்கங்களில் ஒன்றாக எண்ணப்படுகிறது. பலிச் சடங்கைக் கருவாகக் கொண்ட அந்நாடகம், சாதியும் ஆணாதிக்கமும் ஒரு தலித் பெண்ணின்மேல் ஒருசேர இறங்குவதைக் காட்டுகிறது. மேல்சாதியைச் சாடுவதோடு நிறைவடையாமல், ஒடுக்கப்பட்ட ஆணும் தன் வீட்டுப் பெண்ணை எப்படிக் கைவிடுகிறான் என்ற கேள்வியை அது எழுப்பியது. தன் மக்களைப் பார்த்தும் கேள்வி கேட்கும் இந்த நேர்மைதான் நாடகத்தைப் பிரசாரத்திலிருந்து உயர்த்துகிறது.

‘சத்திய சோதனை’, ‘அறிகுறி’, ‘தொட்டில் தொடங்கி’, ‘பவளக்கொடி அல்லது குடும்ப வழக்கு’ ஆகியவை அவருடைய பிற நாடகங்கள். கூத்து, பறை, ஒப்பாரி, கும்மி ஆகியவற்றை இவற்றில் அலங்காரமாகச் சேர்க்காமல் கதையை நகர்த்தும் உறுப்புகளாகவே ஆண்டார். சங்கரதாஸ் சுவாமிகளின் பெயர் தாங்கிய பள்ளியில், இசை நாடக மரபு படித்த மாணவர்கள் பறையின் அடிகளையும் படித்தார்கள். நாடகக் கல்வி என்றாலே மேலைநாட்டு அரங்கும் செவ்வியல் அரங்கும் என்றிருந்த நிலையில், சேரியின் கலை பாடத்திட்டத்துக்குள் நுழைவது சிறிய மாற்றமன்று.

‘வடு’

2005இல் காலச்சுவடு பதிப்பகம் ‘வடு’வை வெளியிட்டது. வெ. காதம்பரியின் ஆங்கில மொழிபெயர்ப்பை 2009இல் ஓரியன்ட் பிளாக்ஸ்வான் கொண்டுவந்தது. மராட்டியில் தயா பவாரின் ‘பலுத’ என்னும் தலித் தன்வரலாறு 1978இலேயே வந்துவிட்டது. கன்னடத்திலும் இத்தகைய நூல்கள் தோன்றியிருந்தன. தமிழில் ‘கருக்கு’ தன்வரலாற்றுப் புதினமாக வழிதிறந்தபின், தன் பெயரையும் ஊரையும் வெளிப்படையாக வைத்து எழுதப்பட்ட தலித் தன்வரலாறு என்ற வகையில் ‘வடு’ தனி இடம் பெற்றது.

சிறிய நூல்தான். அதில் ஆவேசம் குறைவு, நிகழ்ச்சிகள் அதிகம். பசி எப்படி இருந்தது, எந்த வீட்டில் எதில் ஊற்றித் தண்ணீர் கொடுத்தார்கள், பள்ளியில் யார் அருகே யார் உட்கார்ந்தார்கள் என்று நேரில் சொல்வதுபோலவே சொல்லிப்போகிறார். வட்டார வழக்கு நடை முழுவதும் ஓடுகிறது. துன்பப்பட்டவர் தன்னைப் பெரிய மனிதராக நிறுத்திக்கொள்ளாமல் எழுதியிருப்பதால், படிப்பவர் தாம் எந்தப் பக்கம் நின்றிருப்போம் என்று எண்ண வேண்டியதாகிறது. பல்கலைக்கழகங்களில் தலித் இலக்கியம் படிப்போர் இன்றும் இந்நூலிலிருந்து தொடங்குகிறார்கள்.

ஆய்வுப்பணி

நாட்டுப்புற இசை, ஆட்டங்கள், நகர்சார் நாட்டுப்புறப் பாடல்கள், மலையின மக்களின் வாழ்வு ஆகியவை குறித்து அவர் நூல்கள் எழுதினார். ‘சேரிப்புறவியல்’ அவற்றுள் குறிப்பிடத்தக்கது. நாட்டுப்புறம் என்று பொதுவாகச் சொல்லும்போது ஊரும் சேரியும் ஒன்றாகக் கலந்து தோன்றும். நிலத்தில் அவை பிரிந்தே கிடக்கின்றன. ஆகவே சேரி மக்களின் கலைகளைத் தனியாகக் கவனித்து ஆராய வேண்டும் என்பது அவர் வாதம். பாடலைத் தொகுப்பவர் பாடியவரின் ஊரையும் வயதையும் குறிப்பதோடு நில்லாமல், அவர் யாருக்காக, எந்த நிர்ப்பந்தத்தில், என்ன கூலிக்குப் பாடினார் என்பதையும் பார்க்க வேண்டும் என்ற பார்வை அதிலிருந்து பிறக்கிறது.

பிற நாடுகளிலும் மாநிலங்களிலும்

பாட்டை மக்களின் உரிமைக்குரலாக்கியவர்கள் உலகெங்கும் உண்டு. மராட்டியத்தில் அண்ணாபாவு சாத்தேயும் வாமன்தாதா கர்டக்கும் அம்பேத்கரின் கருத்தையும் உழைப்பாளர் வாழ்வையும் ஷாகிரி என்னும் மக்கள் பாடல்களில் பாடினார்கள். தெலுங்கில் கத்தர், தோளில் கம்பளியும் கையில் கோலுமாக இலட்சக்கணக்கானோரைத் திரட்டினார். 2023 ஆகஸ்டில் மறைந்தார். சிலியின் பாடகர் விக்டர் ஹாரா 1973 இராணுவப் புரட்சியின்போது கொல்லப்பட்டார்.

வட அமெரிக்காவின் ஓஜிப்வே பழங்குடி மக்களின் அனுபவம் தமிழ்ப் பறையோடு ஒப்பிடத்தக்கது. அவர்களுக்கு முரசு புனிதமானது. ஆனால் அமெரிக்க அரசு 1883 முதல் பூர்வகுடிகளின் சடங்கு நடனங்களைக் குற்றமாக்கியது. கனடாவிலும் 1885 முதல் 1951 வரை பூர்வகுடிச் சடங்குகளுக்குச் சட்டத்தடை இருந்தது. அமெரிக்காவில் 1978இல்தான் அவர்களுடைய சமய உரிமை சட்டப் பாதுகாப்புப் பெற்றது. ஓஜிப்வே பாடகர் கீத் செக்கோலா போன்றோர் பின்னர்க் கிதாரையும் பழங்குடிக் குழலையும் சேர்த்துத் தம் மக்களின் பாட்டை மீண்டும் பொதுவெளிக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே முரசை அடிக்கக் கூடாது என்று அதிகாரம் தடுத்தது. இங்கே பறையை அடித்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. கட்டளைகள் நேரெதிரானவை, இரண்டும் பறித்தது ஒன்றைத்தான். எப்போது பாடுவது, யாருக்காகப் பாடுவது என்று தானே முடிவுசெய்யும் உரிமையை இரு நாட்டு மக்களும் இழந்திருந்தார்கள்.

மறைவும் தொடர்ச்சியும்

குணசேகரன் 2016 சனவரி 17 அன்று புதுச்சேரியில், 60ஆம் வயதில் காலமானார். அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று இன்குலாப்பும் மறைந்தார். பாடலை எழுதியவரும் பாடியவரும் ஓராண்டுக்குள் போய்விட்டார்கள்.

அவர்கள் விட்ட இடம் வெறிதாகவில்லை. மணிமாறனும் மகிழினியும் நடத்தும் புத்தர் கலைக்குழு பறையைப் பயிற்சி வகுப்புகளாக ஊர் ஊராகக் கொண்டுசெல்கிறது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ 2018 சனவரியில் சென்னையில் முதல் நிகழ்ச்சி நடத்தியது. கானா, ராப், ராக், பறை எல்லாம் அதில் ஒன்றாகக் கேட்டன. கல்லூரி மாணவர்களும் புலம்பெயர் தமிழர்களின் பிள்ளைகளும் பறை கற்கிறார்கள். மதுரை மாவட்டத்துப் பறையாசிரியர் வேலு ஆசானுக்கு 2025இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது. அரை நூற்றாண்டுக்கு முன் எண்ணிப் பார்க்க முடியாத மதிப்பு இது.

மதிப்பீடு

குணசேகரன் கேட்டவை இரண்டு. சேரியின் கலையைத் தமிழ்க்கலையாக மதிக்க வேண்டும் என்பது ஒன்று. அந்தக் கலைஞர் எந்தத் தெருவிலும் நிமிர்ந்து நடக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதற்கோரிக்கை பெருமளவு நிறைவேறிவருகிறது. பறை இன்று திருமண வரவேற்பிலும் அரசு விழாவிலும் திரைப்படத்திலும் ஒலிக்கிறது. இரண்டாவது அந்த வேகத்தில் நகரவில்லை. விழா மேடையில் பறைக்குக் கைதட்டும் ஊரிலேயே, சாவு வீட்டில் அடிப்பவருக்குத் தனிக் குவளை வைக்கும் வீடுகள் எஞ்சியிருக்கலாம். அப்படி ஒரு வீடு எஞ்சியிருக்கும்வரை அவர் பாடியதன் வேலை முடியவில்லை.

ஆகவே அவரை நாட்டுப்புறக் கலையைக் காப்பாற்றியவர் என்று மட்டும் புகழ்வது குறைவான புகழ்ச்சி. கலையோடு கலைஞரின் மானத்தையும் சேர்த்துக் காக்க வேண்டும் என்று பாடியும் நடித்தும் எழுதியும் கற்பித்தும் வாதாடியவர் அவர். பறையைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு மாணவரும் அந்த வாதத்தைத் தெரிந்துகொண்டே எடுக்க வேண்டும். அடியைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் அந்த அடிக்குப் பின்னால் உள்ள வரலாற்றையும் கற்பிக்க வேண்டும். குணசேகரனுக்குச் செய்யத்தக்க மரியாதை அதுவே.